அரிய துண்டு முதலில்

உபுண்டு இயங்குதளத்தின் புதிய பதிப்பு வந்தால் டாரண்ட் வழியாகத்தான் இறக்குவேன். எவ்வளவு வந்திருக்கிறது என்று காட்டும் பட்டை நிரம்புவதைப் பார்ப்பதே ஒரு சுகம். இடமிருந்து வலமாக வராது. நடுவில் ஒரு கோடு, கடைசியில் இரண்டு என்று முதல் தூறல் விழுந்த மண்போலப் புள்ளி புள்ளியாக நிறையும்.

சர்வரிலிருந்து இறக்கும்போது கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் ஆயிரம் பேர். கூட்டம் சேரச் சேர அவரவர் பங்கு குறையும். வங்கிக் கணக்குக்கு அந்த ஏற்பாடுதான் சரி. இருப்பு எவ்வளவு என்பதை ஒரே இடம் சொல்ல வேண்டும். எல்லோரும் ஒரே கோப்பைக் கேட்கும்போதோ, 2001-இல் பிராம் கோஹன் எழுதிய பிட்டாரண்ட்டுக்கு ஈடில்லை. அது கோப்பைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கையாளும்; கைக்கு வந்த துண்டை என் கணினி அப்போதே பிறருக்கு அனுப்பத் தொடங்கிவிடும். ஆள் கூடினால் வரத்தும் கூடும்.

எனக்கு மிகவும் பிடித்தது அது துண்டுகளைத் தேர்ந்தெடுக்கும் முறை. எந்தத் துண்டு மிகச் சிலரிடமே இருக்கிறதோ, அதைத்தான் முதலில் கேட்டு வாங்கும். வைத்திருப்பவர் கணினியை அணைத்துவிட்டுப் போனால் அது இல்லாமலே போய்விடக் கூடாதல்லவா? தனக்குத் தருபவர்களுக்கே முன்னுரிமை தரும் என்பது உண்மைதான். ஆனாலும் 30 விநாடிக்கு ஒருமுறை, கணக்குப் பார்க்காமல் யாரோ ஒருவருக்கும் வாய்ப்புக் கொடுக்கும். புதிதாக வந்தவர் கையில் தருவதற்கு என்ன இருக்கும்! இதை யோசித்து நிரலில் எழுதி வைத்த மனத்தை எத்தனை பாராட்டினாலும் தகும்.

முகம் தெரியாதவர் தருவதை நம்புவது எப்படி? ஒவ்வொரு துண்டின் உள்ளடக்கத்திலிருந்தும் கணக்கிட்ட ஹாஷ் எண், முதலில் நாம் திறக்கும் டாரண்ட் கோப்பிலேயே இருக்கிறது. வந்தது அதனுடன் பொருந்தவில்லையென்றால் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி கேட்டு வாங்கும்.