இணைய நூலகமும் இறையியல் மாணாக்கரும்

2020ஆம் ஆண்டின் பெருந்தொற்று நம் வகுப்பறைகளை மூடியபோது இறையியற் கல்வி இணையத்தை நாடிற்று. நூலகத்தை அணுக இயலாத மாணாக்கருக்கு நூற்றுக்கணக்கான நூல்கள் செலவின்றிக் கிடைத்தன. இதற்காக நாம் நன்றியுடையோராயிருக்கிறோம். ஆயினும், ‘நம்பத்தக்க தளங்கள்’ என நாம் மாணாக்கருக்கு அளிக்கும் பட்டியல்கள் ஒரு கேள்வியை எழுப்பாமலே விட்டுவிடுகின்றன. தளம் நேர்மையானது என்பதனால், அதிலுள்ள நூல் இன்றைய ஆய்வுக்குப் போதுமானதாகுமா?

1993இல் ஹாரி பிளான்டிங்காவின் முயற்சியால் தோன்றிய ‘கிறிஸ்டியன் கிளாசிக்ஸ் எதீரியல் லைப்ரரி’ என்னும் தளத்தை நோக்குவோம். திருச்சபைப் பிதாக்களின் எழுத்துகளை உலகெங்கும் கொண்டுசென்ற அதன் தொண்டு பெரிது. ஆனால் அங்குள்ள பிதாக்களின் மொழிபெயர்ப்புகளிற் பெரும்பகுதி, பிலிப் ஷாஃப் முதலியோர் 19ஆம் நூற்றாண்டில் பதிப்பித்த தொகுதிகளே. பதிப்புரிமைக் காலம் முடிந்தமையாலேயே அவை இலவசமாயின. இலவசம் என்பது பெரும்பாலும் பழமையின் மறுபெயர் என்பதை நாம் மறத்தலாகாது.

இதன் விளைவு சிறிதன்று. ஈஸ்டன் எழுதிய வேதாகம அகராதியின் 1897ஆம் ஆண்டுப் பதிப்பு இன்றும் தளங்கள் பலவற்றில் வழங்கி வருகிறது. கும்ரான் குகைகளிலிருந்து சுருள்கள் கிடைக்கத் தொடங்கியதோ 1947இல். அவற்றுள் ஏசாயாச் சுருள், அதற்குமுன் அறியப்பட்டிருந்த எபிரெயக் கைப்படிகளைவிட ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு மூத்தது. ஏசாயாவைப் பற்றி அவ்வகராதியை மட்டும் நம்பிக் கட்டுரை வரைபவர் இச்சுருளைப் பற்றி ஒன்றும் அறியார். தாம் அறியாதது இன்னதென்பதையும் அறியார். பிழை அகராதியினுடையதன்று, அதன் ஆண்டை நோக்காத நம்முடையதே.

இணையம் பழமையை மட்டுமே தருகிறது என நாம் கூறவில்லை. லண்டன், லைப்சிக், சீனாய், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆகிய நான்கு இடங்களிற் சிதறிக் கிடக்கும் சீனாய்ச் சுவடியின் ஏடுகள் 2009இல் ஒரே தளத்தில் ஒன்றுசேர்க்கப்பட்டன. எந்த ஏடு எங்குள்ளது, எழுத்துப் பெயர்ப்பு எவ்வாறு அமைந்தது என்பவற்றை அத்தளம் மறைவின்றி உரைக்கிறது. தன் பிறப்பையும் எல்லையையும் தானே அறிவிக்கும் தளமே நம்பத்தக்கது என்பது நம் கருத்து.

ஆகவே, தளத்தின் முகவரியைக் கொடுப்பதோடு ஆசிரியர் பணி முடிவதில்லை. எழுதியவர் யார், எந்த ஆண்டு, எந்தப் பதிப்பு என்னும் மூன்றையும் ஒவ்வொரு மேற்கோளோடும் குறிக்க மாணாக்கரைப் பழக்குவோமாக. இன்று கட்டுரையில் நுழையும் தவறு நாளை பிரசங்க பீடத்தில் ஏறும். அங்கே அதைக் கேட்கும் சபையாருக்குச் சரிபார்க்க வழியிராது. பெரோயா பட்டணத்தார் அப்போஸ்தலனுடைய உபதேசத்தையே ஆராய்ந்து பார்த்தனர். அதற்காகப் பாராட்டவும் பெற்றனர். இணையப் பக்கத்திற்கு மட்டும் நாம் விலக்களிப்பது எங்ஙனம்?