கதவைத் தட்டாத பெண்கள்

ஐடா ஸ்கடரின் கதையை எங்கள் பக்கத்தில் யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆரணியிலிருந்து பேருந்து ஏறி வேலூர் சி.எம்.சி. வரிசையில் நின்றிராத குடும்பம் இங்கே அபூர்வம். திண்டிவனத்தில் ஓர் இரவு. ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆண்கள் வந்து கதவைத் தட்டுகிறார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் வேறோர் உயர்சாதி இந்து. மூவர் மனைவியும் பிரசவ வேதனையில். ஐடாவின் தந்தை மருத்துவர், ஆனால் ஆண். அவர் வேண்டாம், நீ வா என்கிறார்கள். பொழுது விடியும்போது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை. ஐடா மருத்துவம் படிக்க முடிவெடுக்கிறார். டோரதி கிளார்க் வில்சன் எழுதி 1959இல் வந்த 'டாக்டர் ஐடா' முதல் பள்ளி ஆண்டுவிழா நாடகம் வரை கதையின் எலும்புக்கூடு இதுதான்.

அந்த இரவுக்கு முன் ஐடா என்ன செய்துகொண்டிருந்தார்? திண்டிவனத்தில் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்து, 1876-78 தாது வருஷப் பஞ்சத்தைக் குழந்தைக் கண்ணால் பார்த்து, பிறகு அமெரிக்காவில் வளர்ந்தவர். 1890இல் தாய்க்கு உடம்பு சரியில்லை என்று வந்தார். தங்கிவிடும் எண்ணம் இல்லை. வந்த இடத்தில் பள்ளிப் பொறுப்பு கைக்கு வந்தது. இன்றைய பேச்சில் சொன்னால், குறுகிய காலத் தன்னார்வ ஆசிரியை. அதற்காக அவர் எந்த ஆயத்தமும் செய்துகொண்டு வரவில்லை. சிறு வயதில் காதில் விழுந்த தமிழ்தான் மூலதனம்.

அந்தப் பள்ளியை, பெரும்பாலான எடுத்துரைப்புகள் இரண்டு வரியில் தாண்டிப் போகின்றன. வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் பெயர் நமக்கு வந்து சேரவில்லை. இறந்த மூவருக்கும் பெயரில்லை. கதையில் வாய் திறந்து பேசுகிறவர்கள் கணவன்மார்கள். ஆண் மருத்துவர் தொடக் கூடாது என்று அந்தப் பெண்கள் சொன்னார்களா, அவர்கள் சார்பில் சொல்லப்பட்டதா? பிரதி இந்தக் கேள்வியின் பக்கமே போவதில்லை. அந்த மூவரில் ஒருத்திக்குப் பதினான்கு வயது என்று பல பதிப்புகள் சொல்கின்றன. அவள் வயதுப் பிள்ளை ஐடாவின் வகுப்பிலும் இருந்திருக்கக் கூடும். 1891இல்தான் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தும் சட்டம் வந்தது. அந்தப் பதினான்கு வயதை இதன் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது, கதவருகே நிற்கிற கணவனின் கண்ணீர் எனக்கு வேறு மாதிரி தெரிகிறது.

இன்னொருத்தியும் காணாமல் போயிருக்கிறாள். அந்த வீடுகளில் இரவெல்லாம் பக்கத்தில் இருந்தது யார்? மருத்துவச்சி. மிஷன் எழுத்துகளில் அவள் வந்தாலும் அறியாமையின் உருவமாகத்தான் வருவாள். சென்னை மருத்துவக் கல்லூரி 1875லேயே மேரி ஷார்லீப் உள்ளிட்ட பெண்களைச் சேர்த்துக்கொண்டிருந்தது. 1885இல் கோஷா பெண்களுக்கென அங்கே மருத்துவமனையும் திறந்தாயிற்று. திண்டிவனத்துக்கும் சென்னைக்கும் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான். அந்த வசதி ஏன் திண்டிவனம் வரை வரவில்லை என்பது அரசும் சாதியும் பணமும் சேர்ந்த கேள்வி. 'அழைப்பு' என்ற ஒற்றைச் சொல் அதை ஓர் இளம்பெண்ணின் மனசாட்சிக்குள் அடக்கிவிடுகிறது.

இதையெல்லாம் வகுப்பில் சொன்னபோது, முதுகலை மாணவி ஒருத்தி எழுந்தாள். "அவங்க வரலன்னா இந்த ஆஸ்பத்திரி வந்திருக்குமா மேடம்?" வந்திருக்காது. ஐடா 1899இல் கார்னெலில் பட்டம் பெற்றார், 1900இல் திரும்பினார், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கினார். அந்தப் பள்ளியில் படித்து வெளிவந்த பெண்கள்தான், அடுத்தடுத்த இரவுகளில் கதவு தட்டப்பட்டபோது எழுந்து போனவர்கள். என் மகள் பிறந்ததும் வேலூரில்தான். எனக்குச் சண்டை அந்தப் பெண்மணியோடு இல்லை. உள்ளூர்ப் பெண்களின் சாவை இன்னொருத்தியின் வாழ்க்கைத் திருப்பத்துக்குப் படிக்கல்லாக்கும் கதைசொல்லலோடுதான்.

கேட்டவள் நெசவுக் குடும்பத்துப் பெண். விடிகாலையில் தார் சுற்றிக் கொடுத்துவிட்டுத்தான் கல்லூரிக்கு வருவாள். அவளும் அவள் அம்மாவும் சுற்றிய தாரில் அப்பா நெய்த சேலைக்கு, கூலி அப்பா பெயரில் வரும். படிப்பு முடிந்ததும் நேபாளத்து மலைக்கிராமம் ஒன்றில் ஆறு மாதம் தன்னார்வ ஆசிரியையாகப் போக விண்ணப்பித்திருக்கிறாள். வீட்டில் யாருக்கும் சம்மதமில்லை. ஐடாவின் கதையை அவளுக்குக் கொடுத்து ஊக்கப்படுத்தியது நானல்ல, உறவினர் ஒருவர். அவள் அதை உணர்ச்சியோடு படித்திருந்தாள். நம் ஊர்ப் பெண்ணும் வேறொரு ஊருக்குப் போய்ச் சேர்கிற 'வெளியாள்' ஆகலாம் என்பதே எனக்குப் புது மகிழ்ச்சி. அதனாலேயே அவளோடு உட்கார்ந்து இந்தக் கதையை மறுபடி வரி வரியாகப் படித்தேன்.

விண்ணப்பப் படிவத்தையும் காட்டினாள். 'ஏன் போக விரும்புகிறீர்கள்' என்பதற்கு ஒரு முழுப் பக்கம். அந்தப் பள்ளியில் இப்போது பாடம் நடத்துகிறவர் யார், அவருக்குச் சம்பளம் ஒழுங்காக வருகிறதா, இவள் திரும்பியபின் அந்த வகுப்பை யார் எடுப்பார்கள், பெரிய பிள்ளைகள் எந்த வயதில் பள்ளியை விட்டு நிற்கிறார்கள்? இவற்றுக்குப் படிவத்தில் இடமே இல்லை. நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதி அந்த நான்கையும் கேட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. அதற்குள் அவள் ஊரில் குடியிருக்கும் ஒரு நேபாளிப் பெண்ணிடம் மாலை வேளையில் மொழி படிக்கத் தொடங்கிவிட்டாள். கூலி வாங்க அந்த அம்மாள் மறுக்க, பதிலுக்கு அவள் பையனுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லித் தருகிறாள்.