கற்றல் உளவியலும் சோதனை முறையும்: ஒரு மதிப்பீடு

கற்றல் என்பது கண்ணாற் காணப்படும் பொருளன்று. கற்றவனுடைய செயலே காணப்படுவது. ஆதலின், செயலைக் கண்டு கற்றல் நிகழ்ந்ததெனத் துணிதல் காட்சியளவையின்பாற் படாது. புகையைக் கண்டு நெருப்புண்டெனத் துணியும் அனுமான அளவையின்பாற் படும். அனுமானம் வழுவாதிருக்க அதன் ஏது வழுவற்றதாதல் வேண்டும். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்து கற்றலுக்கு விதி வகுத்த உளநூலார் இவ்வேதுவை எவ்வளவிற்குப் பேணினர் என நோக்குதல், நாள்தோறும் மாணாக்கரை அளந்து புள்ளியிடும் ஆசிரியவுலகுக்குப் பெரிதும் பயன்படும்.

விலங்கறிவு பற்றிப் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பேசியோர் பலர் செவிவழிக் கதைகளையே ஆதாரமாகக் கொண்டனர். அந்நிலையை மாற்றியவருள் அமெரிக்க அறிஞர் தோண்டைக் தலையாயவர். 1898 இல் வெளியான தம் ஆய்விலே, பசித்த பூனையைப் புதிர்ப்பெட்டியில் அடைத்து, உணவைப் புறத்தே வைத்து, அது வெளிவரச் சென்ற நேரத்தை ஒவ்வொரு முறையும் குறித்தார். நேரம் படிப்படியே குறைந்தது. எனவே பூனை ஆய்ந்தறிந்து கற்கவில்லை. முயன்று தவறித் திருந்தியே கற்றது என்றார். கதையிருந்த இடத்திற் கணக்கை வைத்த பெருமை அவருடையது. ஆயினும், பொறியின் இயக்கம் பூனைக்குப் புலனாகாத பெட்டியில் ஆய்ந்தறிதற்கு இடமேது என்னும் தடையை ஜெர்மானிய அறிஞர் கோலர் எழுப்பினார். ஆற்றலுக்கு இடமளியாத கருவி, ஆற்றல் இல்லையெனச் சான்று பகர்தல் முறையாகாது.

பின்னர், கத்றி, ஹோட்டன் என்னும் இருவர் பெட்டியொன்றினுள்ளே கோலொன்றை நாட்டி, அது அசைந்தாற் கதவு திறக்குமாறு அமைத்தனர். பூனைகள் ஒரே வகையாகக் கோலில் உடலை உரசி வெளியேறின. முன்பு வெளியேறியபோது செய்த அசைவே பழக்கமாய் நிலைத்தது என 1946 இல் நூலெழுதினர். 1979 இல் மூர், ஸ்ரட்டாட் என்போர் இதனை மீளச் சோதித்தனர். மனிதர் கண்ணிற்பட்டபோது, பரிசு யாதுமின்றியும் பூனைகள் கோலில் உரசின. மனிதர் மறைந்திருந்தபோது உரசவில்லை. மனிதரைக் கண்டு வரவேற்கும் பூனையின் பிறவியியல்பே கற்றலெனக் கொள்ளப்பட்டிருந்தது! பனியைப் புகையென மயங்கி நெருப்பைத் துணிந்தவாறு இது.

இதற்கு மறுதலையான வழுவும் உண்டு. காய்ச்சிய இரும்பிற் புகையில்லை; நெருப்புண்டு. 1930 இல் ரோல்மனும் ஒன்சிக்கும் எலிகளை மூன்று கூட்டமாக்கிச் சிக்கல்வழியில் ஓடவிட்டனர். ஒன்றிற்கு நாள்தோறும் வழிமுடிவில் உணவு. மற்றொன்றிற்கு உணவே இல்லை. மூன்றாவதற்கு 11 ஆம் நாள்முதலே உணவு. அதுவரை பிழைபட ஓடிய மூன்றாங் கூட்டம், மறுநாளே முதற் கூட்டத்துக்கு நிகராய் ஓடியது. வழியை அது முன்னரே கற்றிருந்தது. கற்றதைக் காட்டுதற்கே காரணம் இல்லாதிருந்தது. கற்றல் வேறு, கற்றதை வெளிப்படுத்தல் வேறு என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வுண்மைக்குச் சான்று எலிக்கூட்டில் மாத்திரமன்று, வல்வெட்டித்துறைக் கடற்கரையிலும் உண்டு. அவ்வூரிற் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் அவ்வூர் மாலுமிகளோடு அத்திலாந்திக்கைக் கடந்து 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. பாய்க்கப்பலிலே தண்டையலின் ஏவலைக் கேட்டு நின்ற இளைஞன் காற்றையும் நீரோட்டத்தையும் எவ்வளவு அறிந்தான் என்பதற்கு எவரும் புள்ளியிட்டதில்லை. சோழகம் சீறும் நாளிற் சுக்கான் அவன் கைக்கு வரும்போதே அது வெளிப்படும். அந்நாள் வருமுன் அவனை அறிவிலியென்று எழுதியிருப்பின் பிழை எழுதினவனுடையதே.

இங்ஙனம் கூறுதல் சோதனை முறையைப் பழித்தலாகாது. கத்றியின் பிழையைக் காட்டியது வாதமன்று, மற்றொரு சோதனையே. பழிக்கத்தக்கது, அளவுகோலையே அளக்கப்படும் பொருளாகக் கொள்ளும் மயக்கம். ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையிற் குறைந்த புள்ளி பெற்ற சிறுவனை மந்தனென்று ஒதுக்குமிடத்தும், ஆசிரியர் முகக்குறிப்பை நோக்கி விடை சொல்லும் சிறுமியைக் கற்றுவிட்டாளென்று மெச்சுமிடத்தும் நிகழ்வது அதுவே. முன்னையது புகையின்மையால் நெருப்பின்மையைத் துணிதல்; பின்னையது பனியைப் புகையெனல். புள்ளியிடுமுன், இப்பிள்ளை கற்றதைக் காட்டுதற்கு இவ்வினாத்தாள் இடமளித்ததா என ஆசிரியர் தம்மை ஒருகால் வினவிக்கொள்வாராயின், அச்சோதனைகளின் பயன் வகுப்பறைக்கு வந்து சேர்ந்ததாகும்.