கை கடைசியாகத்தான் வரும்

களமருதூர்ப் பக்கத்துக் கொல்லைகளில் சோளம் பால் பிடிக்கும் நாட்களில், பரண்மேல் நின்று தாத்தா கவண் சுற்றுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். கத்தாழை நாரில் அவரே பின்னிய கவண் அது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கல் உட்காரும் பை, இரண்டு பக்கமும் கயிறு. ஒரு கயிற்றின் நுனியில் வளையம், மற்றதன் நுனியில் முடிச்சு. வளையத்தை விரலில் மாட்டிக்கொண்டு, முடிச்சைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, தலைக்கு மேலே இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் முடிச்சு விரலை விட்டு நழுவும். கல் பறக்கும் முன்பே கயிற்று நுனி காற்றில் அடிக்கும் சத்தத்துக்கே கிளிக்கூட்டம் எழுந்துவிடும்.

நானும் முயன்றேன். கல் பின்னால் போனது, பக்கவாட்டில் போனது. ‘கையால எறியாதடா. காலால எறி. கை கடைசியாத்தான் வரணும்’ என்றார் தாத்தா. அப்போது அந்தச் சொல் எனக்கு விளங்கவில்லை. அது விளங்கியது பல வருடங்கள் கழித்து, நான் ஒருபோதும் ஆடியிராத ஓர் ஆட்டத்தைப் பார்த்தபோது.

2014இல் ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்ற ஹாலிவுட் படம் வந்தது. ஏ.ஆர்.ரஹ்மான் இசை என்பதற்காகத்தான் பார்த்தேன். படம் முடிந்தபோது பேஸ்பால் என்னைப் பிடித்துக்கொண்டது. குறிப்பாக, பந்து எறிபவன். அவனைப் பிட்சர் என்கிறார்கள். அன்றிலிருந்து பிட்சர்கள் எறிவதைப் பார்ப்பது, கச்சேரி கேட்பவர்களுக்கு ஆலாபனை போல, எனக்கு அலுக்காத இன்பமாக இருக்கிறது.

முதலில் பந்தைச் சொல்ல வேண்டும். கிரிக்கெட் பந்தைவிடச் சற்று எடை குறைவு, 142 முதல் 149 கிராம் வரை. வெள்ளை மாட்டுத்தோல் துண்டுகள் இரண்டை ஒன்றோடொன்று கவ்வ வைத்து, சிவப்பு நூலால் 108 இரட்டைத் தையல் போட்டிருப்பார்கள். தையலின் மேல் விரலைக் குறுக்காக வைத்து எறிந்தால் பந்து பின்சுழற்சியோடு, விழ மனமில்லாததுபோல நேராக வரும். அதே தையலில் விரலை மாற்றி வைத்து, விடும்போது மணிக்கட்டைத் திருப்பினால், வந்துகொண்டே இருக்கும் பந்து மட்டைக்காரனுக்கு முன்னால் குழியில் விழுந்ததுபோல இறங்கும். புதுப் பந்தின் வழவழப்புப் போக, பெரிய லீக் ஆட்டங்களுக்கு முன்னால் டெலவேர் ஆற்றுப்பக்கத்துச் சேற்றை எடுத்துத் தேய்க்கிறார்கள். வண்டலின் அருமை தெரிந்த நமக்கு இந்தச் செய்தியே ஒரு சந்தோஷம்.

கிரிக்கெட்டில் பந்து வீசுபவனுக்குத் தரை துணை. குத்தித் திரும்பும், எழும்பும். பேஸ்பால் பிட்சருக்குக் காற்று மட்டும்தான். 10 அங்குல உயர மண்மேட்டில், 24 அங்குல நீள ரப்பர் பலகையில் கால் வைத்து நிற்கிறான். ஓடி வரக் கூடாது. 60 அடி 6 அங்குலத்துக்கு அப்பால் 17 அங்குல அகலத் தட்டு. 1893 முதல் அதே தூரம்தான். மணிக்கு 90 மைல் வேகத்தில் வரும் பந்து அதைக் கடக்க அரை நொடிகூட ஆகாது.

அந்த நிற்கும் உடம்பிலிருந்து அவ்வளவு வேகம் எங்கிருந்து வருகிறது? மெதுவாக ஓட்டிப் பார்த்தால் தெரியும். முன்கால் முழங்கால் நெஞ்சுவரை எழுகிறது. பின்கால் பலகையைத் தள்ளுகிறது. முன்கால் மேட்டின் சரிவில் இறங்கி ஊன்றுகிறது. இடுப்பு திரும்புகிறது. அப்போதும் தோள் பின்னாலேயே இருக்கிறது. பிறகு தோள், அதன்பின் முழங்கை, பிறகு மணிக்கட்டு. எல்லாவற்றுக்கும் பிறகு, கவண் கல்லை விடுவதுபோல, இரண்டு விரல் நுனி பந்தை விடுகிறது. பரண்மேல் தாத்தா சொன்னது இதைத்தான். உடம்பே கவண். கால்தான் எறிகிறது, கை கடைசியாக வந்து கையெழுத்துப் போடுகிறது.

தேர்ந்த கைகளைப் பார்ப்பதைவிட, இந்த வித்தை ஓர் உடம்பில் வந்து குடியேறுவதைப் பார்ப்பதுதான் பெரிய ரசனை என்று நான் நம்புகிறேன். அதற்குப் போக வேண்டிய இடம் பேஸ்பாலின் அடிப்படி. அமெரிக்காவில் ஒவ்வொரு பெரிய லீக் அணிக்கும் கீழே படிப்படியாக மைனர் லீக் அணிகள் உண்டு. டிரிபிள் ஏ, டபுள் ஏ என்று இறங்கிவந்தால் கடைசியில் நிற்பது ரூக்கி எனப்படும் கற்றுக்குட்டி அணி. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்கு அப்படியொரு கற்றுக்குட்டி அணி ஃபுளோரிடாவில், பிராடென்டன் ஊரின் பைரேட் சிட்டி பயிற்சிக் களத்தில் இருக்கிறது. அது ஆடும் லீக் 1964இல் சரசோட்டா ரூக்கி லீக் என்று தொடங்கி, 1966இல் கல்ஃப் கோஸ்ட் லீக் ஆகி, 2021 முதல் ஃபுளோரிடா காம்ப்ளெக்ஸ் லீக் என்று வழங்குகிறது.

அங்கே மின்விளக்குப் பளபளப்பு கிடையாது. ஃபுளோரிடாவின் கோடை வெயிலில் பகலிலேயே ஆட்டம். டிக்கெட் கிடையாது, கூட்டமும் இல்லை. பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்த அமெரிக்கப் பையன்களும், டொமினிக்கன் குடியரசிலிருந்தும் வெனிசுவேலாவிலிருந்தும் வந்த பையன்களும் ஒரே களத்தில் எறிந்து பழகுகிறார்கள். 1970இல் அந்த அணியில் ஆடிய டேவ் பார்க்கர் 1978இல் தேசிய லீகின் மிகச் சிறந்த வீரர் விருது வாங்கினார். 2005இல் அங்கே தொடங்கிய ஆண்ட்ரூ மக்கட்சன் 2013இல் அதே விருதை வாங்கினார். இருவரும் மட்டைக்காரர்கள்தான். ஆனால் அவர்கள் கால் ஊன்றிய மண் அதுதான்.

அந்த மண்ணில்தான் 2009இல் இரண்டு இந்தியர்கள் வந்து நின்றார்கள். உத்தரப் பிரதேசத்தின் ரிங்கு சிங், தினேஷ் படேல். நான் பார்த்த அந்தப் படம் இவர்கள் கதைதான். இருவரும் ஈட்டி எறிபவர்கள். பேஸ்பால் என்ற ஆட்டத்தையே அறியாதவர்கள். வேகமாகவும் குறி தவறாமலும் எறிபவர்களைத் தேடி இந்தியாவில் நடந்த தொலைக்காட்சிப் போட்டியில், 2008இல், இடக்கைக்காரரான ரிங்கு 87 மைல் வேகத்தில் எறிந்து ஒரு லட்சம் டாலர் வென்றார். தினேஷ் வலக்கைக்காரர். இருவரையும் அமெரிக்கா அழைத்துச் சென்று, முன்னாள் பிட்சர் டாம் ஹவுஸிடம் சில மாதங்கள் பயிற்சிக்கு விட்டார்கள். அந்த ஆண்டு நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் இருவரையும் ஒப்பந்தம் செய்தது.

ஈட்டிக்காரனுக்குக் கை கடைசியாக வரும் என்பது முன்பே தெரியும். டோக்கியோ ஒலிம்பிக்கில் 87.58 மீட்டர் எறிந்து தங்கம் வென்ற நீரஜ் சோப்ராவின் இடது காலை நினைத்துப் பாருங்கள். ஓட்டம் முழுவதையும் அந்த ஒரு கால் தடுத்து நிறுத்திய பிறகுதான் கை வருகிறது. ஆனால் ஈட்டி வானத்தை நோக்கிப் போகும், பந்து மேட்டிலிருந்து கீழே இறங்க வேண்டும். ஈட்டிக்கு ஓடி வரலாம், இங்கே நின்ற இடத்திலிருந்து எல்லாவற்றையும் எழுப்ப வேண்டும். ஈட்டிக்கு எட்டியவரை எறிந்தால் போதும், இங்கே ஒரு சாண் தள்ளிப் போனாலும் வீண். உடம்பு வருடக்கணக்காகக் கற்றதில் பாதியை வைத்துக்கொண்டு மீதியை மறக்க வேண்டும். கற்பதைவிட மறப்பது கடினம் என்பது கைத்தொழில் எதிலும் உள்ளவர்களுக்குத் தெரியும்.

2009 ஜூலை 4ஆம் தேதி இருவரும் முதன்முதலாகத் தொழில்முறை ஆட்டத்தில் எறிந்தார்கள். அதே மாதம் 13ஆம் தேதி, யாங்கீஸ் என்ற பெரிய லீக் அணியின் கற்றுக்குட்டி அணிக்கு எதிரான ஆட்டத்தில் வெற்றி ரிங்குவின் பெயரில் எழுதப்பட்டது. தொழில்முறை பேஸ்பாலில் இந்தியக் குடிமகன் ஒருவர் பெற்ற முதல் வெற்றி அது. தினேஷை 2010இல் அணி விடுவித்தது. அவர் ஊர் திரும்பினார். ரிங்கு ஒவ்வொரு படியாக ஏறி வெஸ்ட் வர்ஜீனியா பவர் என்ற ஏ நிலை அணிக்குப் போனார். 2012இல் அங்கே 72 இன்னிங்ஸ் எறிந்தார்.

பிறகு முழங்கை போனது. பேஸ்பாலில் இதற்கு ஒரு சிகிச்சை உண்டு. 1974இல் டாமி ஜான் என்ற பிட்சருக்கு டாக்டர் ஃபிராங்க் ஜோப் முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, கிழிந்துபோன முழங்கைத் தசைநாருக்குப் பதிலாகப் பொருத்தினார். அந்தப் பிட்சரின் பெயராலேயே அந்த அறுவை வழங்குகிறது. ரிங்குவுக்கும் அது செய்யப்பட்டது. பெரிய லீகுக்கு அவரால் ஏற முடியவில்லை. 2018இல் மல்யுத்த மேடைக்குப் போனார்.

இதைத் தோல்விக் கதையாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பந்தையே பார்த்திராத ஒருவர் நான்கே ஆண்டுகளில் அந்த வித்தையில் பிறந்து வளர்ந்தவர்களோடு நின்று 72 இன்னிங்ஸ் எறிந்திருக்கிறார். உடம்பு எவ்வளவு கற்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அந்தக் கற்றுக்குட்டி அணி இல்லையென்றால் இதைக் காணும் வாய்ப்பே வந்திருக்காது. பேஸ்பால் என்ற பேருடம்புக்கு அந்த அணிதான் ஊன்றிய கால். விளக்கும் கூட்டமும் கைக்குத்தான் கிடைக்கும். வேகம் பிறப்பது காலில்.

எங்கள் ஊரின் பெயரிலேயே களம் இருக்கிறது. அறுப்பு முடிந்த கொல்லையில் பையன்கள் மட்டையும் பந்துமாக இறங்கிவிடுகிறார்கள். எல்லையில் நிற்கும் சின்னப் பையன் பந்தைப் பொறுக்கி எறிகிறான். பந்து பாதி வழியிலேயே விழுகிறது. போன வாரம் பக்கத்தில் போய் நின்று, முன்காலை எங்கே ஊன்றுவது என்று காட்டினேன். நாலைந்து முறை தவறியது. அடுத்த முறை கால் ஊன்றியது, இடுப்பு திரும்பியது, தோளுக்குப் பின்னாலிருந்து கை வந்தது. பந்து குத்தாமல் கீப்பர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அவன் பந்து போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் அவன் காலைப் பார்த்தேன். உழுத மண்ணில் அரை சாண் பதிந்திருந்தது.