இரட்சணிய யாத்திரிகம்: விட்டுக்கொடாத விசுவாசத்தின் காப்பியம்

இரட்சணிய யாத்திரிகம், எச். ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900) இயற்றிய கிறிஸ்தவக் காப்பியம். ஜான் பன்யன் எழுதிய ‘பில்கிரிம்ஸ் புரோகிரஸ்’ என்ற ஆங்கில உரைநடை நூலின் தழுவலாக அமைந்தது. ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்களும் 3,766 பாடல்களும் கொண்டது. ‘நற்போதகம்’ என்ற மாத இதழில் 13 ஆண்டுகள் தொடராக வந்து, 1894இல் நூலாக வெளியானது. இக்காப்பியத்தால் ஆசிரியருக்குக் ‘கிறிஸ்தவக் கம்பர்’ என்ற பெயர் நிலைத்தது.

தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் பெரும்பாலும் இந்தச் செய்திகளோடு நின்றுவிடுகிறார்கள். பகை சூழ்ந்த உலகில் ஒருவர் தம் விசுவாசத்தை விட்டுக்கொடாமல் வாழ்வது எப்படி என்பதே இந்நூலின் உயிரான கேள்வி. அதற்கு இக்காப்பியம் தரும் விடையையும், அதன் நிறைகுறைகளையும் இக்கட்டுரை பார்க்கிறது.

மூலநூலின் பின்னணி

பன்யன் 1628இல் இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு நகருக்கு அருகிலுள்ள எல்ஸ்டோ என்ற ஊரில் பிறந்தார். பாத்திரங்களைப் பழுது பார்ப்பது அவருடைய குடும்பத் தொழில். அரசு ஏற்ற திருச்சபைக்கு வெளியே கூடிய மக்களுக்குப் பிரசங்கம் செய்ததற்காக 1660இல் கைது செய்யப்பட்டார். இனிப் பிரசங்கம் செய்வதில்லை என்று ஒரு வாக்குக் கொடுத்திருந்தால் வீடு திரும்பியிருக்கலாம். வீட்டில் பார்வையற்ற மூத்த மகள் இருந்தாள். ஆயினும் அந்த வாக்கை அவர் கொடுக்கவில்லை. ஏறத்தாழ 12 ஆண்டுகள் சிறையில் இருந்தார். காலணிக் கயிறுகள் செய்து விற்று, அந்த வருவாயைக் குடும்பத்துக்கு அனுப்பினார். நூலின் முதற்பகுதி 1678இல் வெளிவந்தது. அதில் வரும் கூண்டும் விலங்கும் வழக்குமன்றமும் வெறும் கற்பனை அல்ல என்பதை இந்த வரலாறு காட்டுகிறது.

தமிழ் ஆசிரியரும் விலை கொடுத்தவரே. திருநெல்வேலிப் பகுதியில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பராமாயணத்தில் ஊறி, சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றியவர் கிருஷ்ண பிள்ளை. 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். உயர்த்திச் சொல்லப்பட்ட ஒரு சாதியிலிருந்து அக்காலத்தில் மதம் மாறுவது, பிறந்த வீட்டின் கண்ணீரையும் உறவினரின் புறக்கணிப்பையும் எதிர்கொள்வதாகும். எனவே பன்யனின் கதை அவருக்கு மொழிபெயர்ப்புக்குரிய ஒரு நூலாக மட்டும் இருந்திருக்க முடியாது.

மாயாபுரிச் சந்தை

பன்யனின் நூலில் உள்ள புகழ்பெற்ற சந்தைக் காட்சி தமிழில் மாயாபுரியாகிறது. வீடு, நிலம், பட்டம், பதவி, இன்பம், பொன், வெள்ளி, மனித உயிர் என எல்லாமே அங்கே விலைக்குக் கிடைக்கும். பரம நகரத்துக்குச் செல்லும் வழி அந்தச் சந்தைக்குள்தான் போகிறது. ஒதுங்கிச் செல்லச் சுற்றுப்பாதை இல்லை. விசுவாசி உலகத்தை விட்டு ஓடிவிட முடியாது என்பதை இந்த ஒரு அமைப்பிலேயே பன்யன் சொல்லிவிடுகிறார்.

யாத்திரிகர் இருவரும் அங்கே யாரையும் திட்டவில்லை, கடைகளை உடைக்கவில்லை. அவர்களுடைய உடையும் பேச்சும் வேறாக இருந்தன. அங்கே விற்ற எதையும் அவர்கள் வாங்கவில்லை. உண்மையை மட்டுமே வாங்குவோம் என்றார்கள். குற்றம் அவ்வளவுதான். அடித்து, சேறு பூசி, கூண்டில் அடைத்து, ஊரார் பார்க்க நிறுத்துகிறார்கள். அவர்களோ வசைக்கு நல்ல சொல்லையே திருப்பித் தருகிறார்கள். தமிழில் நிதானி எனப் பெயர் பெற்றவன் பொய்ச்சாட்சிகளின் பேரில் தண்டனை பெற்று உயிர் துறக்கிறான். மற்றவன் தப்பிப் பயணத்தைத் தொடர்கிறான். அவர்கள் பட்டதையும் பொறுத்ததையும் பார்த்த அந்தச் சந்தைக்காரன் ஒருவன் புதிய துணைவனாக உடன் வருகிறான். வாதத்தில் வென்று சேர்த்த துணை அல்ல அது.

எது விட்டுக்கொடுத்தல்?

‘விட்டுக்கொடுத்தவர் கெட்டுப்போவதில்லை’ என்பது நம் வீடுகளில் புழங்கும் சொல். சமரசம் என்பதும் நம் மொழியில் உயர்ந்த சொல். வள்ளலார் தம் நெறிக்கே அதைப் பெயராக வைத்தார். அப்படியிருக்க, விட்டுக்கொடாமையைப் போற்றும் ஒரு காப்பியத்தைத் தமிழ் வாசகர் எப்படி ஏற்பது?

நூல் காட்டும் வேறுபாட்டைக் கவனித்தால் விடை கிடைக்கும். தனக்குரிய மரியாதை, வசதி, உயிர் ஆகியவற்றை யாத்திரிகன் விட்டுக்கொடுக்கிறான். உண்மையை விட்டுக்கொடுப்பதில்லை. தன்னுடையதல்லாத ஒன்றை விட்டுக்கொடுக்கும் உரிமை அவனுக்கு இல்லை. நம்மில் பலர் செய்வது இதற்கு நேர்மாறு. சொந்த மரியாதைக்கு ஒரு சிறு குறை வந்தால் பொங்கி எழுகிறோம். உண்மை ஏலம் போகும்போது ஒதுங்கி நிற்கிறோம். இந்தச் சுபாவத்தைப் பன்யன் ஒரு பாத்திரமாகவே படைத்திருக்கிறார். ஊர் கைதட்டும்போது பக்தனாகவும், காற்று எதிராக வீசும்போது வேறொருவனாகவும் நடக்கும் மனிதன் அவன். கொடிய எதிரிகளைவிட இந்த இனிய மனிதனே யாத்திரிகனுக்கு ஆபத்தானவன் என்று எனக்குத் தோன்றுகிறது.

காப்பியத்தின் சிறந்த சேர்க்கை

பன்யனின் கதையில் சிலுவை ஒரு சிறு காட்சி. அதைக் கண்டதும் பயணியின் முதுகுச் சுமை கழன்று விழுகிறது. கிருஷ்ண பிள்ளையோ குமார பருவத்தில் இயேசுவின் பாடுகளையே விரிவாகப் பாடுகிறார். பிலாத்துவின் முன் கட்டுண்டு நிற்கும் இயேசுவைக் காட்டி, அவரைக் கட்டியது கயிறு அல்ல, பகைத்த மனிதர்மேல் அவர் வைத்த அன்பே என்ற பொருளில் ஒரு பாடல் அமைத்திருக்கிறார். வகுப்பில் இதை நடத்தியபோது ஒரு மாணவி, “அவ்வளவு வல்லமை உள்ளவர் ஏன் சார் ஒரு வார்த்தையாவது திருப்பிச் சொல்லவில்லை?” என்று கேட்டாள். அந்தப் பாடலைத்தான் மீண்டும் படித்துக் காட்டினேன்.

இந்தச் சேர்க்கை அமைந்த இடமும் முக்கியமானது. குமார பருவம் இரண்டாவது பருவம். மாயாபுரி அதற்குப் பின்னரே வருகிறது. வாசகர் முதலில் இயேசுவின் மௌனத்தைக் கண்டுவிட்டு, அதன் பிறகே நிதானியின் மரணத்துக்கு வருகிறார். அதனால் நிதானியின் உறுதியை வீம்பாகவோ வெறுப்பாகவோ படிக்க வழியில்லாமல் போகிறது. மூலத்தில் இல்லாத ஒரு பாதுகாப்பை ஆசிரியர் இதன்மூலம் கதைக்குத் தந்திருக்கிறார்.

குறைகள்

சிறப்பைச் சொல்லும் நாம் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. முதலாவது, மொழி. பன்யன் தெருவில் பேசிய ஆங்கிலத்தில் எழுதினார்; எளியவர் கையிலும் அந்நூல் இருந்தது. கிருஷ்ண பிள்ளையின் விருத்தங்களில் வடசொற்கள் நிறைந்துள்ளன. உரையில்லாமல் இன்றைய மாணவர் பத்துப் பாடல்களைத் தாண்டுவது அரிது. தமிழ்ப் புலவர்கள் செவி கொடுக்க வேண்டுமென்று கம்பர் நடையைத் தேர்ந்ததன் விலை இது. இடையிடையே வரும் தேவாரப் பாடல்களில் அந்தத் திரை விலகி, உருகும் நெஞ்சு நேராகப் பேசுகிறது.

இரண்டாவது, உருவகக் கதைக்கே உரிய குறை. வன்னெஞ்சன், மென்னெஞ்சன் என்று குணத்தையே பெயராக வைக்கும்போது எதிர்த்து நிற்பவர்கள் மனிதர்களாக இல்லாமல் அடையாள அட்டைகளாகிவிடுகிறார்கள். ‘நாங்கள் யாத்திரிகர், மற்றவரெல்லாம் மாயாபுரியார்’ என்று ஒரு வாசகர் நினைத்துக்கொள்ள இது இடம் தரும். யாத்திரிகனும் அழிவுக்குரிய ஊரிலிருந்தே புறப்பட்டவன், புதிய துணைவன் மாயாபுரியிலிருந்தே வந்தவன் என்பதை மறவாதிருப்பதே இதற்கு மருந்து.

மூன்றாவது, குறை என்பதைவிட வாசகருக்குரிய பாடம். பகை வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றில் மிக நீண்ட சமரசம் சாதியோடு செய்த சமரசம். திருச்சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று பிஷப் டேனியல் வில்சன் 1833இல் அறிவித்தபோது, எதிர்ப்பு சபைக்குள்ளிருந்தே எழுந்தது. பன்யனின் சந்தைப் பட்டியலில் சாதிப் பெருமை இல்லை. தமிழில் படிப்பவர் அந்தக் கடையையும் சேர்த்துப் பார்த்து, தாம் அங்கே எதை வாங்கி வைத்திருக்கிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

மதிப்பீடு

இரட்சணிய யாத்திரிகம் எளிதில் படித்து முடிக்கும் நூல் அல்ல. ஆனாலும் ஒரு தெளிவை அது தருகிறது. உறுதியும் சாந்தமும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. சாந்தம் இல்லாத உறுதி வன்முறையில் முடியும். உறுதி இல்லாத சாந்தம் மாயாபுரியில் ஒரு கடை திறந்து உட்கார்ந்துவிடும். முழு நூலையும் படிக்க இயலாத மாணவர்கள் குமார பருவத்தின் பாடுகளையும் மாயாபுரி நிகழ்ச்சிகளையும் ஓர் உரையின் துணையோடு அடுத்தடுத்துப் படித்துப் பார்க்கலாம். எந்த மதத்தவராயினும், உண்மைக்காகத் தனித்து நிற்க நேர்ந்த ஒருவருக்கு அந்தப் பாடல்கள் துணையாக இருக்கும்.