மோகன் குமாரமங்கலம்: வாதத்தில் விட்டுப்போன கேள்வி

அப்பா சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல் மந்திரி. அம்மா ராதாபாய் மத்திய மேல்சபைக்குப் போன முதல் பெண். தங்கை பார்வதி கிருஷ்ணன் கம்யூனிஸ்ட் எம்.பி. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்து, ஈட்டன், கேம்பிரிட்ஜ் முடிச்சிட்டு வந்து, கட்சிக்காக ஜெயிலுக்கும் போனவர் மோகன் குமாரமங்கலம். 'ஜமீன் பிள்ளை' என்று அவரைத் தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை.

1973 ஏப்ரலில் மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என். ரே தலைமை நீதிபதியானார். அதை நியாயப்படுத்தி, அப்போது மத்திய அமைச்சராக இருந்த இவர் எழுதிய சின்னப் புத்தகத்தைத் தரமணி ஆபீஸ் கேன்டீனில் உட்கார்ந்து படித்தேன். சீனியாரிட்டி மட்டும் போதாது என்கிறார். 1958 சட்ட ஆணைய அறிக்கையைத் துணைக்கு அழைக்கிறார். அப்ரைசல் பார்த்த எவனும் ஒத்துக்குவான். நீதிபதிக்கும் சமூகப் பார்வை உண்டு என்கிறார். அதுவும் சரி.

இடிக்கிறது அடுத்த படி. அந்தப் பார்வையை எடைபோடும் உரிமை அரசுக்காம். எந்த அரசுக்கு? நிலக்கரியை நாட்டுடைமையாக்கிய தன் அரசே என்றைக்கும் இருக்கும் என்பதுபோல வாதம் ஓடுகிறது. அட்மின் பாஸ்வேர்டை நல்லவன் கையில்தான் கொடுக்கிறோம். அடுத்த ஷிஃப்ட்டுக்கு யார் வருவார்? அவர் மகன் ரங்கராஜனே 1998இல் வாஜ்பாய் அமைச்சரவையில் இருந்தார்!

1973 மே 31, டெல்லி விமான விபத்தில் குமாரமங்கலம் இறந்துபோனார். எமர்ஜென்சியின்போது ஆட்கொணர்வு வழக்கில் தனியாக மாறுபட்ட எச்.ஆர். கன்னாவைத் தாண்டி, 1977 ஜனவரியில் பெக் தலைமை நீதிபதியானார்.