குறளையும் உரைகளையும் கோத்துத் தரும் எக்ஸ்லிங்க்

எக்ஸ்எம்எல் கோப்புகளோடு பழகியவர்களில்கூடப் பலர் எக்ஸ்லிங்கைத் தொட்டுப் பார்த்ததில்லை. எனக்கோ அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாது. எக்ஸ்எம்எல் ஆவணங்களை ஒன்றோடொன்று இணைப்பதற்காக, வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2001 ஜூன் 27ஆம் திகதி வெளியிட்ட நியமம் அது. 2010இல் 1.1 பதிப்பும் வந்தது. இத்தனை வருடம் கழித்தும் அதற்கு ஈடாக இன்னொன்றை நான் கண்டதில்லை.

சாதாரண வலைப்பக்க இணைப்புக்கு ஒரு தொடக்கம், ஒரு முடிவு, அவ்வளவுதான். அதையும் தொடங்கும் பக்கத்துக்கு உள்ளேயே எழுதியாக வேண்டும். எக்ஸ்லிங்கின் விரிவு இணைப்பு இந்த இரண்டு தளைகளையும் அறுத்துவிடுகிறது. ஒரே இணைப்பில் நான்கு ஆவணங்களைச் சேர்க்கலாம், நாற்பதையும் சேர்க்கலாம். இணைப்பை அந்த ஆவணங்கள் எதிலும் எழுதாமல், தனியாக ஒரு கோப்பில் வைக்கலாம். நமக்குத் திருத்தும் உரிமை இல்லாத ஆவணத்தைக்கூட ஓர் எழுத்தும் மாற்றாமல் பிணைத்துவிடலாம்.

இதன் அருமை எனக்கு முழுதாகப் புரிந்தது திருக்குறளில்தான். கொழும்பு ஜிந்துப்பிட்டியில் எங்கள் ஒழுங்கையில் தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் நாள் முழுக்கக் காதில் விழும். குறளையும் இந்த மூன்று மொழியிலும் பக்கம் பக்கமாக வைத்துப் படிக்க ஆசைப்பட்டேன். மூலம் ஒரு கோப்பு. ஆறுமுக நாவலர் பெருமான் 1861இல் அச்சேற்றித் தந்த பரிமேலழகர் உரை ஒரு கோப்பு. ஜி. யு. போப் 1886இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று. சிங்கள மொழிபெயர்ப்பு ஒன்று. இவற்றோடு மணக்குடவர் உரையும் வேண்டும்.

மணக்குடவரைச் சேர்க்கும்போதுதான் விஷயம் சுவாரசியமாகிறது. அவர் கொண்ட குறள் வரிசையும் பரிமேலழகர் கொண்ட வரிசையும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. ஆகவே மூன்றாவதுக்கு மூன்றாவது, ஏழாவதுக்கு ஏழாவது என்று எண்ணை மட்டும் நம்பிப் பொருத்த முடியாது. ஒவ்வொரு குறளுக்கும் ஒவ்வொரு உரைப்பகுதிக்கும் தனித்தனி அடையாளம் கொடுத்து, அடையாளத்தோடு அடையாளத்தைப் பிணைக்க வேண்டும். எக்ஸ்லிங்க் செய்வது சரியாக இதைத்தான்.

அந்த அடையாளங்களைத் தமிழிலேயே எழுதலாம் என்பது இன்னொரு மகிழ்ச்சி. எக்ஸ்எம்எல் பெயர்களில் தமிழ் எழுத்துக்குத் தடையே கிடையாது. கல்வி அதிகாரத்தின் முதற்குறளுக்கு நான் கொடுத்திருக்கும் அடையாளம் 'குறள்-391'. திரையில் அதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் மனம் குளிர்கிறது.

இனி இணைப்புக் கோப்பைத் திறந்து காட்டுகிறேன். வெளியே 'எக்ஸ்டெண்டட்' வகை உறுப்பு ஒன்று. அதற்குள்ளே 'லொக்கேட்டர்' வரிகள். ஒவ்வொரு லொக்கேட்டரும் ஓர் இடத்தின் முகவரியையும் அதற்கு நாம் சூட்டும் 'லேபல்' பெயரையும் சொல்லும். மூலக்குறளின் லொக்கேட்டருக்கு 'மூலம்' என்று பெயர் வைத்தேன். பரிமேலழகர், மணக்குடவர், போப், சிங்களம் ஆகிய நான்குக்கும் 'உரை' என்ற ஒரே பெயர். கடைசியில் ஒரே ஒரு 'ஆர்க்' வரி: 'ஃப்ரம்' என்ற இடத்தில் மூலம், 'டூ' என்ற இடத்தில் உரை. அந்த ஒற்றை வரி நான்கு பாதைகளைத் திறந்துவிடுகிறது! நாளைக்குப் பரிதியார் உரை கிடைத்தால் அதற்கு 'உரை' என்ற பெயரோடு ஒரு லொக்கேட்டர் வரி சேர்த்தால் போதும். ஆர்க்கைத் தொடவே வேண்டாம், ஐந்தாவது பாதை தானாக வந்து நிற்கும்.

ஃப்ரம், டூ இரண்டையும் எழுதாமலே விட்டால் இன்னும் அழகு. அந்த இணைப்பில் பெயர் பெற்ற எல்லா இடங்களிலிருந்தும் எல்லா இடங்களுக்கும் வழி உண்டு என்று அதற்குப் பொருள். நான்கு லொக்கேட்டர் இருந்தால், தன்னிலிருந்து தனக்கே போகும் வழிகளையும் சேர்த்து 16 பாதைகள். போப்பிலிருந்து மணக்குடவருக்குப் போகலாம், சிங்களத்திலிருந்து பரிமேலழகருக்குப் போகலாம். பாதை எந்த வகைப்பட்டது, விளக்கவுரையா மொழிபெயர்ப்பா என்று குறிக்க 'ஆர்க்ரோல்' என்ற பண்பும் இருக்கிறது. குறளுக்குப் பத்து உரைகள் கண்ட மரபு நம்முடையது. அந்த மரபை ஆவண அமைப்பிலேயே இவ்வளவு இயல்பாகக் கொண்டுவரும் கருவி வேறு எது?

உலாவிகள் விரிவு இணைப்பை நேரடியாகக் காட்டுவதில்லை என்பது உண்மை. அதனால் சோர வேண்டியதில்லை. இணைப்புக் கோப்பைப் படித்து, ஐந்து பத்திகளையும் அருகருகே வைத்து, சாதாரண வலைப்பக்கமாக மாற்றித் தரும் எக்ஸ்எஸ்எல்டி நிரல் ஒன்றை எழுதிவிட்டேன். குறளைத் தொட்டால் உரைகள் எல்லாம் ஒன்றாக விரிகின்றன.

இது ஏதோ ஆய்வுக்கூடத்தோடு நின்றுபோன சங்கதி என்றும் எண்ண வேண்டாம். நிறுவனங்களின் கணக்கறிக்கைகளுக்கான எக்ஸ்பிஆர்எல் தன் இணைப்புக் கோப்புகளை எக்ஸ்லிங்க் மேல்தான் கட்டியிருக்கிறது. இந்தியாவில் 2011 முதல் குறிப்பிட்ட வகைக் கம்பனிகள் அந்த வடிவில்தான் அறிக்கை கொடுக்கின்றன. அதிலே ஒரு கணக்குத் தலைப்பு ஓரிடத்தில் இருக்கும். அதற்கான பெயர்ச்சீட்டுகள் வேறு கோப்பில், எத்தனை மொழியிலும் இருக்கலாம். மூலத்தைத் தொடாமல் ஒரு மொழியைக் கூட்டலாம். மும்மொழியில் சட்டமும் படிவமும் வெளியாகும் நம் இலங்கைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

எக்ஸ்எம்எல் தெரிந்த தமிழ்ப் பிள்ளைகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். மதுரைத் திட்டம் 1998 முதலும் நூலகம் இணையத்தளம் 2005 முதலும் நமக்குச் சேர்த்துத் தந்த மின்னூல் செல்வத்தில் ஒரு நூலை எடுங்கள். அதன் உரை ஒன்றை எடுங்கள். ஒரே ஓர் அதிகாரத்துக்கு, ஒரே ஒரு படலத்துக்கு இணைப்புக் கோப்பு எழுதிப் பாருங்கள். மூல நூலில் ஓர் எழுத்தும் மாறாது. நீங்கள் எழுதிய கோப்பின்மேல் அடுத்தவர் தம் உரையைச் சேர்த்துக்கொள்ளலாம்.